எதிர்த்துத் தூக்கிய கை

போன வாரம் எங்கள் பியர்பொன்ட்ஸ் புறநகர்க் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. வாசலில் நிற்கும் பழைய மேப்பிள் மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். வேர் நடைபாதையைத் தூக்குகிறது என்று ஒரு கட்சி, நிழல் போய்விடும் என்று ஒரு கட்சி. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாற்றி மாற்றி வாதாடி எல்லோரும் களைத்த பிறகு, தலைவி எழுந்து, "வெட்டலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றாள். எண்ணி முடித்து, "கூடாது என்பவர்கள்" என்றாள். நான் அந்தக் கட்சிதான். ஆனால் கை மடியை விட்டு எழவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்மணி தோள்பட்டை வலியா என்று கேட்டு, தனக்குக் கைகண்ட ஒரு களிம்பைப் பற்றிச் சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். காலமெல்லாம் டாக்டராக இருந்தவள் நான். என் தோளில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்குத் தெரியாதா? அது பயம். இத்தனை வருடம் கழித்தும் அதே பயம்.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் இருந்த காலத்திலும் நாம் பேசியதெல்லாம் நம் இருவருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில்தான். அதனால்தான் தைரியமாகத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படித்துவிட்டு "இதில் ஒரு ஒழுங்குப் பிரச்சினை இருக்கிறது, டாக்டர்" என்று விரலைத் தூக்க முடியாது.

உங்களை முதலில் பார்த்தது அறுபத்தெட்டாம் வருடக் கோடையில். அப்போது நாங்கள் நகருக்குள்ளேயே வில்லரே பேட்டையில் இரட்டை வீடு ஒன்று வாங்கியிருந்தோம். கீழே நாங்கள் இருந்தோம், இரும்புப் படி ஏறிப் போனால் மேல் வீட்டில் உங்கள் மகள் தெரேசா இருந்தாள். நான் மயக்க மருந்து கொடுக்கும் அறுவை அறையில் அவள் நர்ஸ். "அப்பா வந்திருக்கிறார், உங்களைப் பார்க்கணுமாம்" என்று அவள் சொன்னபோது, யாரோ ஓய்வு பெற்ற வாத்தியார் வரப்போகிறார் என்று நினைத்தேன். கறுப்புக் கார் வந்து நின்றது. நீங்கள் இறங்கினீர்கள், பின்னால் பெட்டி தூக்க ஒருவர், குடை பிடிக்க ஒருவர். மழையே இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் நீங்கள் அத்தனை வருடமாகத் துணைச் சபாநாயகர் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கு முன் கட்சியின் அவைத் தலைவர், அதற்கும் முன் ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த இளம் வக்கீல். சபாநாயகர்கள் வந்தார்கள், போனார்கள். பேர் அவர்களுக்கு, வேலை உங்களுக்கு. ரசத்தைக் குடித்துவிட்டு, "எங்கள் சபையில் கடிகாரத்தை நிறுத்துவதில் நான் கெட்டிக்காரன்" என்று நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதா நிறைவேறாமல் நின்றால், சேவகனை விட்டுச் சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிடுவீர்களாம். கடிகாரம் ஓடாதவரை சட்டப்படி அந்த நாள் முடியாது. வெளியே விடிந்தால் விடியட்டும், உள்ளே இன்னும் நேற்றுதான்.

"இதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்களா சார்?" என்று கேட்டேன்.

"ஒத்துக்கொள்வதாக நடிப்பார்கள். சட்டசபை என்பதே அதுதான் டாக்டர்" என்றீர்கள்.

எழுபத்தொன்றில் மறுபடியும் வந்தீர்கள். அதற்கு முந்தைய வருடம் ஒரு மந்திரியைக் கடத்திவிட்டார்கள் என்று இங்கே தெருவெல்லாம் சிப்பாய்கள் நின்றதையும், எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நடந்து நான் வேலைக்குப் போனதையும் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "எங்கள் ஊரில் அது நடக்காது. ராணுவத்தைத் தெருவில் விட்டால் அவை கேள்வி கேட்கும். அவையில் நான் இருக்கிறேன்" என்றீர்கள். அடுத்த வருடம் செப்டம்பரில் தெரேசாவின் பிரசவத்துக்காக நீங்கள் இங்கே வந்திருந்த சமயம், மணிலாவில் ராணுவச் சட்டம் வந்தது. அவையை மூடிப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். உங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் திரும்பவில்லை. திரும்பினால் உள்ளே போடுவார்கள் என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பினார்கள். கோடைக் கோட்டோடு வந்தவர் குளிர்காலத்தில் தெரேசா புருஷனின் பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, முனையிலிருந்த டெப்பனர் என்கிற மளிகைக் கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வருவீர்கள். குடை பிடிக்க ஆளில்லை. அந்த மாப்பிள்ளையும் வேலை தேடி மேற்கே போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நீங்களும் தெரேசாவும் பேரனும்தான் மேல் வீட்டில். என் பிள்ளைகள் இருவரும் டெலிவிஷனுக்குச் சண்டை போட்டால் உங்களிடம்தான் பஞ்சாயத்து வரும். ஒவ்வொருவருக்கும் பேச நேரம் கொடுத்து, குறுக்கே பேசியவனை உட்காரச் சொல்லி, நீங்கள் தீர்ப்பு சொல்வதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். என் வீட்டுக்காரர், "மனுஷன் நாட்டை எப்படித்தான் நடத்தினாரோ" என்று சிரிப்பார்.

உங்களிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. பேச்சுவாக்கில் பல தடவை சொல்லியிருக்கிறீர்கள். முடிவு என்னவென்று முன்கூட்டியே தெரியாத எதையும் நீங்கள் வாக்கெடுப்புக்கு விட்டதில்லை. இன்னொன்று, இரண்டு பக்கமும் வாக்கு சமமாக நின்று நாற்காலியில் இருப்பவர் தன் வாக்கைப் போட வேண்டி வந்தால், எதையும் மாற்றாத பக்கம்தான் போடுவீர்கள். "ஒரே ஆள் கையால் நிலைமை மாறக் கூடாது. நாற்காலிக்கு அந்த அடக்கம் வேண்டும்" என்பீர்கள்.

எழுபத்தேழாம் வருடம் ரமோனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உங்கள் ஒரே மகன், மணிலாவிலேயே வக்கீல். சிறையில் இருந்தவர்களுக்காக வாதாடினான். கடைசியில் அவனையும் அங்கேயே கொண்டு போய் வைத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று தெரேசா அறுவை அறையில் கருவித் தட்டைக் கீழே போட்டாள். அவள் கையிலிருந்து எதுவும் விழுந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

பனி விழ ஆரம்பித்ததும் ஒரு கனவான் வந்தார். எந்த அலுவலகம் என்று கடைசிவரை சொல்லவில்லை. நல்ல கோட்டு, மெல்லிய குரல், கையில் தெரேசாவின் குழந்தைக்குச் சாக்லேட். மணிலாவில் புதிதாக ஒரு சட்டமன்றம் வரப் போகிறதாம். உங்களைப் போன்ற அனுபவஸ்தர் ஆளுங்கட்சிப் பட்டியலில் நின்றால் நாட்டுக்கு நல்லதாம். நீங்கள் வந்தால் ரமோனின் விஷயத்தையும் சுமுகமாகப் பார்க்கலாமாம். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சாக்லேட்டை மேஜையில் வைத்துவிட்டு அவர் எழுந்தபோது, படியில் வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று தெரேசாவே சொல்லி அனுப்பி வைத்தாள்.

அதன் பிறகு எதிர்ச்சாரியில் ஒரு கார் நிற்க ஆரம்பித்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே யார் என்று தெரியாது. டெலிபோன் அடிக்கும், எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். என் வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பதே வேலையாக இருந்தார்.

"இன்னும் நிக்குது பாரு. நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு? குழந்தைங்க ஸ்கூலுக்கு அந்தப் பக்கமாத்தானே போகுதுங்க" என்றார் ஒரு நாள்.

"அவரை எங்க போகச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"போகச் சொல்லல. பயமா இருக்குன்னுதான் சொல்றேன். பயப்படக்கூட கூடாதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் பயம்தான். சாவியைப் பூட்டில் நுழைக்கும்போது முதுகு தானாகக் கூசும். குழந்தைகளை நானே கொண்டுவிட ஆரம்பித்தேன். அந்தக் காரில் இருந்தவன் யாருக்கோ காத்திருந்த அப்பாவியாகவும் இருந்திருக்கலாம். இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் கொன்றது.

மேல் வீட்டில் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம். முக்கியமான பேச்செல்லாம் என் சமையலறைக்கு இறங்கி வந்தது. அதுவும் சும்மா இல்லை, அடுப்பில் பிரஷர் குக்கர் இருக்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கும்போதுதான் நீங்கள் ரமோன் பெயரைச் சொல்வீர்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் பருப்புக்குப் பஞ்சமில்லை. வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அந்தக் கனவானுக்கு நீங்கள் உங்கள் பாணியிலேயே பதில் சொன்னீர்கள். அழைப்பை எழுத்தில் கேட்டீர்கள். எழுத்தில் வந்ததும், புதிய அவையின் விதிகள் என்ன என்று கேட்டீர்கள். விதிகளை யார் இயற்றினார்கள், எந்த அதிகாரத்தில் என்று கேட்டீர்கள். அவர் வந்து போகும்போதெல்லாம் உங்கள் முகத்தில் பழைய களை ஒன்று வரும். "நேரம் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அவர்களே களைத்துவிடுவார்கள். நான் எத்தனை மசோதாவை இப்படிக் கொன்றிருக்கிறேன்" என்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் உங்களுக்குப் பலித்த வித்தை அது. ஆனால் அங்கே எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்கள், நிறுத்திய கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நேற்று என்று நடிக்கும் மனிதர்கள். இங்கே இருந்தவர்களுக்கு அந்த நடிப்பு தேவைப்படவில்லை.

ஒரு நாள் தெரேசாவின் சித்தி மணிலாவிலிருந்து பேசினாள். ரமோனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள், எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அவனுக்கென்று கொண்டு போன துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தெரேசா அதை என் சமையலறையில் சொன்னபோது குக்கர் இல்லை, யாரும் அதை நினைக்கவும் இல்லை. நீங்கள் நாற்காலியில் உட்காரப் போனீர்கள், நாற்காலி சற்றுத் தள்ளி இருந்தது. நான் பிடித்தேன். உங்கள் மணிக்கட்டில் நாடி தாறுமாறாக ஓடியது. உங்கள் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். அந்த விமானப் பயணத்தையும் அதற்கு அப்பால் இருந்ததையும் அது தாங்காது என்று உங்களிடமே சொல்லியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் நீங்கள் கோட்டும் டையுமாகக் கீழே வந்தீர்கள். தெரேசா பின்னால் வந்தாள். குழந்தை மேலே தூங்கிக்கொண்டிருந்தது. குக்கரை வைக்கச் சொன்னீர்கள். பிறகு, "ஒரு தீர்மானம் இருக்கிறது. வாக்கெடுப்பு நடத்த வேண்டும்" என்றீர்கள்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சார், மன்னிச்சுக்குங்க. இதுல நான் கை தூக்க மாட்டேன்" என்று இங்கிலீஷில் நயமாகச் சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில், "உனக்கும் வேணாம்னா எழுந்து வந்துடு, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார். அவர் ஜன்னலுக்குப் போய்க் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து போகவில்லை. அடுப்பு என் பொறுப்பில் இருந்தது, அவ்வளவுதான்.

"நான் எதுக்கு சார்? இது உங்க குடும்ப விஷயம்" என்றேன்.

"ஒரே ஒரு உறுப்பினரை வைத்து அவை கூட்ட முடியாது டாக்டர்."

நீங்கள் மேஜையின் தலைப்பக்கத்தில் நின்றீர்கள். உட்காரவில்லை. அழைப்பை ஏற்று மணிலா திரும்புவது என்பது தீர்மானம் என்று, பழக்கப்பட்ட குரலில், யாரோ வேறொருவருடைய விவகாரம் போலச் சொன்னீர்கள். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றீர்கள். தெரேசா சுவரைப் பார்த்துக்கொண்டு தூக்கினாள். அப்பாவைப் பார்க்க அவளால் முடியவில்லை. தம்பியைக் காப்பாற்றத் தூக்கிய கை, அப்பாவை அனுப்பும் கையும் அதுதான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது.

"எதிர்ப்பவர்கள்" என்றீர்கள்.

அந்தக் கணத்தில் எனக்கு இருந்த பயத்தை எந்த மொழியில் எழுதுவது? தூக்கினால் நான் பார்த்தே இராத ஒரு பையனை அந்தச் சிறைக்குள் தள்ளுகிறேன். தூக்காவிட்டால் என் எதிரில் டை கட்டிக்கொண்டு நிற்கும் உங்களைத் தள்ளுகிறேன். மயக்க மருந்து கொடுப்பவளுக்கு ஒருவர் உயிர் கையில் இருப்பது பழக்கம்தான். ஆனால் அங்கே அளவு இருக்கும், கருவி இருக்கும், பக்கத்தில் சர்ஜன் இருப்பார். இங்கே வெறும் கை. நீங்கள் என்னையே பார்த்தீர்கள். அவசரப்படுத்தவில்லை. குக்கர் விசில் அடித்து அடங்கியது. நீங்கள் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. நியாயம், அரசியல் எதுவும் அதில் இல்லை. போகக் கூடாது, அவ்வளவுதான். தூக்கினேன். முழங்கையை மேஜையில் ஊன்றாமல் அது மேலே வரவில்லை.

"சமம்" என்றீர்கள். எனக்கு மூச்சு வந்தது. சமமானால் எதையும் மாற்றாத பக்கம்தான் நீங்கள் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இங்கேயே இருப்பீர்கள், ரமோனுக்கு வேறு வழி பார்க்கலாம், யாருக்காவது எழுதலாம் என்று மனம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

"நாற்காலி தீர்மானத்தை ஆதரிக்கிறது" என்றீர்கள். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டு, பருப்பு தீய்கிற வாசனை வருகிறது என்றீர்கள்.

உங்களை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது தெரேசா என் காரில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஜாரி பூங்கா தாண்டும்போதுதான், "நான் அனுப்பல, இல்லையா?" என்று கேட்டாள். "இல்ல. நீ அனுப்பல. அவர் வாக்குலதான் போனார்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் கை மட்டும் தூக்கியிருந்தால் காலம் முழுக்க அவள்தான் அனுப்பினாள் என்றாகும். அதற்காகத்தான் எதிரே இன்னொரு கை வேண்டியிருந்தது. முடிவு தெரியாமல் நீங்கள் வாக்கெடுப்பு நடத்தியதே இல்லையே.

மணிலாவில் என்ன நடந்தது என்பதெல்லாம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. புதிய அவையில் முன் வரிசையில் உங்களை உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் நீங்கள் கேமராவைப் பார்க்கவில்லை. பழைய நண்பர்கள் விலைபோய்விட்டார் என்று பேசினார்கள், வீதியில் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லையாம். ரமோனை விட்டார்கள். எதிர்ச்சாரியில் அந்தக் காரை அப்புறம் நாங்கள் பார்க்கவில்லை. எழுபத்தொன்பதில் ஒரு காலை நேரம், ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையில் தெரேசா என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா போயிட்டார் டாக்டர்" என்றாள். நான் சொன்னபடிதான் நடந்தது. ஒரு டாக்டருக்கு அதைவிடக் கசப்பான வெற்றி இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ரமோன் அக்காவிடம் வந்து சேர்ந்தான். மேலே அவன் நடமாடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவேன். அவன் இரும்புப் படியில் இறங்குவது கேட்டால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். அவன் உள்ளேயே கிடக்கட்டும் என்று கை தூக்கியவள் நான் என்பது அவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வது? எத்தனை நாள் ஒளிய முடியும்? ஒரு மத்தியானம் அவனே கதவைத் தட்டினான். மெலிந்த ஆள், உங்கள் நெற்றி, உங்களைப் போலவே அனுமதி கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். காபி கொடுத்தேன். இடது கையில்தான் வாங்கினான், வலது கை விரல்கள் மடங்கவில்லை.

"எதிர்த்து வாக்களித்தது நீங்கள்தானே?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொன்னார். உங்களைப் பார்த்தால் சொல்லச் சொன்னார். 'எத்தனையோ தேர்தலில் ஜனங்கள் எனக்கு ஓட்டுப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் என்னால் ஏதோ ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. என்னால் ஒரு காரியமும் ஆக வேண்டியிராமல், நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு கை தூக்கியது. அவ்வளவு பயத்தோடு தூக்கிய கையை நான் எந்த அவையிலும் பார்த்ததில்லை' என்றார்."

அவன் காபியை முழுவதும் குடித்தான். இன்னும் கொஞ்சம் கேட்டான். ஊற்றும்போது எனக்குக் கண் தெரியவில்லை, சாஸரில் பாதி போயிற்று. அவன் சாஸரிலிருந்தே எடுத்துக் குடித்தான்.

உங்கள் வார்த்தை கிடைத்த பிறகும் பயம் போகவில்லை சார். அன்று நான் தோற்றுப்போன வாக்கெடுப்பு அது. ஜெயித்திருந்தால் ரமோன் என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்திருக்க மாட்டான். அதை நன்றாகத் தெரிந்துகொண்டே, இப்போதும் நீங்கள் அந்த மேஜையருகே நின்று "எதிர்ப்பவர்கள்" என்று கேட்டால், நான் கையைத் தூக்குவேன்.